வாசலைத் தாண்டிவிடு, தம்பி: சுவிசில் குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு அக்காவின் டிப்ஸ்

"அடுத்த கிழமை கட்டாயம் போறன் அக்கா."

என் தம்பி இதை எனக்கு மூன்று வருசமாகச் சொன்னான். ஒருமுறை வேலை கூட. ஒருமுறை டொச், அதாவது ஜெர்மன் மொழி, போதாது. பிறகு கோயில் திருவிழா முடியட்டும் என்றான், மகளின் சாமத்தியவீடு முடியட்டும் என்றான். கேட்கும்போது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அந்த மூன்று வருசத்துக்குள் அவனுடைய லைசென்ஸ் போனது, வேலை போனது, மகள் அவனோடு கதைப்பதை நிறுத்தினாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானே கையைப் பிடித்து, குடியை நிறுத்துகிறவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தொடக்கத்தில் ஒருமுறை சறுக்கினான், அதற்குப் பிறகு இப்போது ஏழாவது வருசமாக அவன் தொடவில்லை. அதனால் இந்த விசயத்தில் உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நீ தம்பியாக இருந்தாலும் தங்கச்சியாக இருந்தாலும் சரி. பொம்பிளைப் பிள்ளைகள் குடிப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்காக நான் எழுதவில்லை.

1. ஒரேயடியாக நிறுத்தி வீரம் காட்டாதே. முதலில் டொக்டர்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லுமுன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பல மாதமாக ஒவ்வொரு நாளும் நிறையக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் பதறிப்போகும். கை நடுங்கும், வியர்க்கும், சத்தி வரும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆளை ஆள் தெரியாது. உயிரே போகக்கூடிய நிலைமை அது. "சாமி மேல சத்தியம் பண்ணிட்டன், நாளையிலிருந்து ஒரு சொட்டுமில்லை" என்று அறைக்குள் படுத்துக் கிடக்காதே. காலையில் எழும்பியதும் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்றால் நீயும் இந்த ஆபத்தில் இருக்கிற ஆள் என்று அர்த்தம்.

உன் குடும்ப டொக்டரிடம் உண்மையான அளவைச் சொல். எல்லாரும் பாதியைத்தான் சொல்வார்கள், நீ முழுதையும் சொல். அவர் மருந்து தந்து, விற்றமின் பி1 தந்து பக்குவமாக இறக்குவார், அல்லது சில நாள் ஆஸ்பத்திரியில் வைப்பார். இந்த நாட்டில் குடி ஒரு நோய். வைத்தியச் செலவு அடிப்படைக் கிராங்கன்காசே என்ற மருத்துவக் காப்புறுதிக்குள் வரும். டொக்டர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர், முதலாளியிடம் போய்ச் சொல்லமாட்டார். வலிப்பு வந்தாலோ ஆள் குழம்பினாலோ யோசிக்க வேண்டாம், 144.

2. கூட்டத்தைத் தேட ஐந்து நிமிடம் போதும்.

தேட வேண்டிய பெயர் டொச் பகுதியில் "அனோனீமே அல்கோஹோலிக்கர்", பிரெஞ்சுப் பகுதியில் "அல்கோலிக் அனோனீம்". சுருக்கமாக இரண்டுமே ஏஏ. 1935இல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரத்தில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டொக்டரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறது. சுவிசிலும் இருக்கிறது.

ஏஏயின் சுவிஸ் இணையப் பக்கத்துக்குப் போய் ஊரைத் தேடு. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தக் கட்டிடம் என்று போட்டிருக்கும். பக்கத்தில் "ஓஃபன்" என்று இருந்தால் அது திறந்த கூட்டம், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். "கெஷ்லொசன்" என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். முதல் நாளுக்குத் திறந்த கூட்டமாகப் பார்த்துக்கொள், அக்காவோ நண்பனோ கூட வரலாம். சூரிச், ஜெனீவா மாதிரிப் பெரிய இடங்களில் ஆங்கிலக் கூட்டங்களும் உண்டு. டொச்சை விட ஆங்கிலம் சுகமாக வரும் என்றால் அதற்குப் போ.

ஒரு எச்சரிக்கை: நாளையும் இடத்தையும் அன்றைக்கே ஒருமுறை சரிபார். விடுமுறைக் காலத்தில் மண்டபம் பூட்டிக் கிடக்கும். பூட்டிய கதவைக் கண்டால் "பாத்தியா, சாமியே வேண்டாமெண்டு சொல்லுது" என்று உன் மனம் உன்னை நேரே கடைக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

3. ஆக்கள் காண்பினம் என்ற பயம்.

இது எங்கட சனத்தின் பெரிய பயம், எனக்குத் தெரியும். ஒரு கல்யாணத்தில் தும்மினால் மற்ற கன்டோனில் (மாநிலத்தில்) சுகம் விசாரிக்கிற சமூகம் நாங்கள். ஆனால் கொஞ்சம் யோசி. கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துக் குடித்ததை எத்தனை பேர் கண்டார்கள்? ரெயினில் விழுந்ததை எத்தனை பேர் கண்டார்கள்? நீ குடிப்பது ஊருக்கே தெரியும். நிறுத்தப் போவது மட்டும் ரகசியமாக இருக்க வேண்டுமா?

சரி, அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போ. ஹால்ப்டாக்ஸ் என்ற அரைக் கட்டண அட்டையை எதற்கு வாங்கி வைத்திருக்கிறாய்? பேர்னில் இருந்தால் துன் பக்கம் தேடு, ரெயினில் இருபது நிமிடம். சூரிச்சில் இருந்தால் பாடன் பக்கம் பார். நாங்களும் வேறு ஊருக்குத்தான் போனோம்.

உள்ளே முதல் பெயர் மட்டும்தான். குடும்பப் பெயரோ விலாசமோ விசா வகையோ ஒருவரும் கேட்பதில்லை. சேருவதற்கு ஏஏ வைத்திருக்கும் ஒரே நிபந்தனை, குடியை நிறுத்த விருப்பம் இருக்க வேண்டும் என்பதுதான். சந்தா கிடையாது. கடைசியில் ஒரு தொப்பியோ தட்டோ சுற்றி வரும், வாடகைக்கும் கோப்பிக்கும் விரும்பியதைப் போடலாம். முதல் நாளில் ஒன்றும் போடாதே, யாரும் கவனிக்கமாட்டார்கள்.

லைசென்ஸ் பறிபோய், அதற்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று: ஏஏ வரவுப் பதிவு வைப்பதில்லை. அத்தாட்சிக் கடிதம் வேண்டுமென்றால் டொக்டரிடமோ ஆலோசனை நிலையத்திலோ கேள், இங்கே கேட்டு நேரத்தை வீணாக்காதே.

4. டொச் தெரியாது என்பது காரணமே இல்லை.

குசினியில் இருபது வருசம் சமையல்காரனோடு சண்டை பிடிக்கத் தெரிந்த டொச், நாற்காலியில் இருந்து கேட்கப் போதாதா? மூன்று வசனம் பாடமாக்கு.

- "இஹ் பின்" என்று சொல்லி உன் பெயர்.
- "இஹ் ஹோரே ஹொய்ட்ட நூர் சூ": இன்றைக்கு நான் கேட்க மட்டும் வந்தேன்.
- "பிட்ட ஹோஹ்டொய்ச்": தயவுசெய்து சுவிஸ் டொச்சில் கதைக்காமல் எழுத்து டொச்சில் கதையுங்கள்.

மூன்றாவதைக் கூச்சப்படாமல் சொல். சொல்லாவிட்டால் அவர்கள் தங்கள் பேச்சில் போய்க்கொண்டே இருப்பார்கள், நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். இன்னொன்று, அங்கே எல்லாரும் "டூ" என்றுதான் கூப்பிடுவார்கள், வயது பார்ப்பதில்லை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதே.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதே. கூட்டத்துக்கும் வேண்டாம், டொக்டரிடமும் வேண்டாம். "அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார்?" என்ற கேள்வியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் தமிழில் திருப்பிக் கேட்டதை நான் ஒரு வரவேற்பறையில் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை பதிலுக்காகத் தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டொக்டரோடும் ஆலோசனை நிலையத்தோடும் கதைக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், போன் வழியாகவும் ஒழுங்கு செய்வார்கள். தெரிந்த முகம் வேண்டாம் என்றால், "வேறு கன்டோன் ஆளைப் போனில் எடுங்கள், என் பெயரைச் சொல்ல வேண்டாம்" என்று முன்கூட்டியே கேள். அவர்களும் ரகசியம் காக்க வேண்டியவர்கள்தான்.

5. தமிழில் கேட்க ஆசையா? வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏஏ கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, இணையத்தில் நடப்பவையும் உண்டு. நேரக் கணக்கைப் பார்: சென்னையில் பின்னேரம் ஏழரை என்றால் இங்கே மாரியில் மூன்று மணி, கோடையில் நாலு மணி. ரெஸ்டோரண்டில் வேலை செய்கிறவனுக்கு அது என்ன நேரம்? மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்குமுன் விடுகிற இடைவேளை, சிம்மர்ஸ்டுண்ட. வீட்டுக்குப் போய்வரவும் நேரமில்லாமல், செய்ய வேலையுமில்லாமல் நிற்கிற அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் என் தம்பி குடிக்கப் பழகினான். அதே நேரத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரை வாங்கில் இருந்து தமிழ்க் கூட்டம் கேட்கலாம்.

ஆனால் இதையே சாட்டாக வைத்து நேரில் போகாமல் விடாதே. திரையில் கமராவை மூடிவிட்டுக் கையில் கிளாசோடு இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. அறைக்குள் மணக்கும்.

6. உள்ளே என்ன நடக்கும்?

தெரியாததால்தான் பயம். சொல்கிறேன், கேள்.

அனேகமாக ஒரு தேவாலய மண்டபமோ ஊர் மண்டபமோ இருக்கும். "நாங்கள் சைவம், அங்கே மதம் மாத்துவாங்கள்" என்று தொடங்காதே. அறை வாடகைக்கு எடுத்தது. ஏஏ எந்தச் சபையையும் சேர்ந்ததில்லை. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ஆனால் அவரவர் விளங்கிக்கொண்டபடியான கடவுள் என்றே சொல்லியிருக்கும். உனக்கு முருகன் என்றால் முருகன்.

நாங்கள் போன அன்று மழை. தம்பி வாசலில் நின்று சப்பாத்தைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, கதவைத் திறந்து பிடித்தேன். உள்ளே ஒன்பது நாற்காலி வட்டமாக. ஒரு வயதான சுவிஸ்காரர் எழும்பி வந்து, பெயர்கூடக் கேட்காமல் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அரைக் கோப்பைதான் ஊற்றினார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது: மற்றவர்களுக்கு முழுதாக இருக்கிறதே, எங்களுக்கு மட்டும் ஏன் அரைவாசி? தம்பி அதை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். நடுக்கத்தில் கோப்பி விளிம்பு வரைக்கும் வந்து வந்து திரும்பியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முழுக் கோப்பை என்றால் உடுப்பெல்லாம் கொட்டியிருக்கும். அந்த மனிசனுக்கு அது தெரியும், ஏனென்றால் அவருடைய கையும் ஒரு காலத்தில் அப்படி நடுங்கியிருக்கிறது.

பிறகு ஒவ்வொருவராகக் கதைப்பார்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே பேசுவதோ புத்தி சொல்வதோ இல்லை. உன் முறை வந்தால் அந்த இரண்டாவது வசனத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இரு. ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. கடைசியில் எழும்பி நின்று ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்லுவார்கள், விருப்பமில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு நில்.

7. டொக்டரும் ஆலோசகரும் இருக்க, கூட்டம் எதற்கு?

நல்ல கேள்வி. இதற்குச் சுவிசிலேயே பதில் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்தவர்களுக்குப் பழைய ஆயிரம் பிராங் தாள் நினைவிருக்கும், ஒரு தாடிக்கார முகமும் பின்பக்கம் எறும்புகளும். அந்த முகம் ஒகுஸ்ட் ஃபோரல், சூரிச் புர்க்ஹோல்ஸ்லி மனநோய் ஆஸ்பத்திரியின் இயக்குநர், பெரிய பேராசிரியர். அவரால் குடிகாரர்களைத் திருத்த முடியவில்லை. அதே நேரம் யாக்கொப் பொஸ்ஸார்ட் என்ற சப்பாத்துத் தைக்கிற தொழிலாளி ஒருவர், ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருந்தார். படித்த என்னால் முடியாதது உம்மால் எப்படி முடிகிறது என்று ஃபோரல் கேட்டாராம். நான் குடிப்பதில்லை, நீங்கள் குடிக்கிறீர்கள், அவ்வளவுதான் என்றாராம் அவர்.

பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. தானும் குடியை விட்டார். 1889இல் எல்லிகோன் என்ற ஊரில் குடிநோயாளிகளுக்கென்று ஒரு சிகிச்சை இல்லம் தொடங்கி, அதை நடத்தும் பொறுப்பை அந்தச் சப்பாத்துத் தொழிலாளியிடமே கொடுத்தார். பிறகு அதற்கு ஃபோரல் கிளினிக் என்ற பெயர் வந்தது. டொக்டர் உன் உடம்பைப் பார்ப்பார், கட்டாயம் போ. ஆனால் அரைக் கோப்பை ஊற்ற வேண்டும் என்று தெரிந்த ஆளும் உனக்கு வேண்டும்.

8. ஏஏ பிடிக்கவில்லையா? வேறு கதவைத் தட்டு.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு ஊர்க் கூட்டத்துக்குப் போ. மூன்று இடம் பார்த்த பிறகுதான் "எனக்குச் சரிவராது" என்று சொல்லலாம், அதற்கு முதல் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

- நீலச் சிலுவை, டொச்சில் பிளௌவெஸ் க்ரொய்ஸ். பொஸ்ஸார்ட் இருந்த அமைப்பு இதுதான். 1877இல் ஜெனீவாவில் லூயி லூசியன் ரொஷா என்ற போதகர் தொடங்கியது. கிறிஸ்தவ வேர் உண்டு, ஆலோசனையும் குழுக்களும் எல்லாருக்கும்.
- கன்டோன்தோறும் "சுக்ட்பெராட்டுங்" என்ற ஆலோசனை நிலையங்கள். பெரும்பாலும் இலவசம். மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு இங்கேதான் சுலபம்.
- சேஃப்சோன் என்ற இணைய ஆலோசனை. பெயர் சொல்லாமல், காசு கொடுக்காமல் எழுதிக் கேட்கலாம். நள்ளிரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வசதி.
- இரவு இரண்டு மணிக்குப் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் 143. எந்த நேரமும் ஒரு மனிசக் குரல் எடுக்கும்.
- சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் மிகெஸ்ப்ளூஸ் பக்கத்தில் தமிழிலும் சுகாதாரக் கையேடுகள் இருக்கின்றன. டொச் தலையிடி தந்தால் அதிலிருந்து தொடங்கு.

9. முதல் மாதத்தில் தவறும் இடங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓடி வராதே. இரண்டு போன் நம்பர் வாங்கு. ஆண் என்றால் ஆணிடம், பெண் என்றால் பெண்ணிடம். அன்றைக்கே ஒருமுறை சும்மா எடுத்துப் பார், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் விரல் போகாது.

வேலை முடிந்து முதலாளி தருகிற "ஃபையராபண்ட்" பியர், அதுதான் அனேகம் பேரைத் திரும்பவும் விழுத்துகிறது. "மருந்து எடுக்கிறேன், டொக்டர் வேண்டாம் என்றார்" என்று ஒரே வசனம். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் தோற்றாய்.

கொண்டாட்டத்துக்கு முதல் மூன்று மாதம் போகாதே. சொந்தத் தங்கச்சி கல்யாணம் என்றால் போ, மொய் எழுது, சாப்பிடு, கையில் ரிவெல்லாச் சோடாப் போத்தலை வெறுமையாக விடாமல் வைத்திரு, கார் நிறுத்துமிடத்துப் பக்கம் தலை காட்டாமல் வீட்டுக்கு வா. "ஒரு பெக் எடு மச்சான், என்ன ஆம்பிளை நீ" என்கிறவன் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வரமாட்டான்.

சறுக்கினால்? அடுத்த நாளே திரும்பப் போ. என் தம்பி நாலாம் மாதம் சறுக்கினான். வெட்கத்தில் இரண்டு கிழமை போகவில்லை, அந்த இரண்டு கிழமையும் குடித்தான். திரும்பிப் போனபோது ஒருவரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கோப்பி மட்டும் வந்தது.

10. வீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு.

குடிக்கிற கணவர் கூட்டத்துக்குப் போக மறுக்கிறார் என்று நீ காத்திருக்காதே. நீ போ. குடிக்கிறவர்களின் மனைவி, தாய், சகோதரங்களுக்கென்று அல்-அனோன் இருக்கிறது, 1951இல் அமெரிக்காவில் தொடங்கியது, இங்கேயும் கூட்டம் நடக்கிறது. நான் இன்றைக்கும் போகிறேன்.

வெறியில் இருக்கும்போது வாக்குவாதம் பண்ணாதே, காலையில் கதை. போத்தலைக் கவிழ்த்து ஊற்றாதே, இன்னொன்று வாங்குவார், காசுதான் நட்டம். முதலாளிக்குப் போன் எடுத்து "காய்ச்சல்" என்று பொய் சொல்லாதே. தம்பியின் வேலை போகும் வரைக்கும் நான் அவனுக்காக அப்படிச் சொன்னேன், அந்தப் பொய்தான் அவன் நோயை நீட்டியது. அவர் கை நீட்டினால் அது வேறு கதை: 117க்கு அடி. கன்டோனின் "ஓப்ஃபர்ஹில்ஃப" என்ற பாதிக்கப்பட்டோர் உதவி நிலையம் இலவசமாக ஆலோசனை தரும். பிள்ளை யாரிடமாவது கதைக்க விரும்பினால் 147 என்ற இலக்கத்தைச் சொல்லிக்கொடு, அது பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது.

இனி உன் வேலை. போனை எடு, உன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடு, வருகிற முதல் கூட்டத்தின் கிழமையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டு. தனியாகப் போகத் தயக்கம் என்றால் யாரையாவது கூப்பிடு, வாசல் வரைக்கும் வரச் சொல்லு. உள்ளே கோப்பி ஊற்ற ஆள் இருக்கிறது.